லெய்டன் முதல் ஆழ்வார்குறிச்சி வரை: ஒரு மீனாய்வு மரபின் வரலாறு

தாமிரபரணியைப் பற்றி நம்மிடையே எழுதப்பட்ட வரலாறுகளுக்குக் குறைவில்லை. அதன் முகத்துவாரத்தில் எழுந்து அடங்கிய கொற்கையைப் பற்றியும், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வியந்து குறித்த காயலைப் பற்றியும், அங்கே வந்திறங்கிய அரபுக் குதிரைகளையும் அங்கிருந்து சென்ற முத்துகளையும் பற்றியும் அறிஞர் பலர் ஆய்ந்துள்ளனர். கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரையுள்ள எட்டு அணைக்கட்டுகளின் வரலாறும் ஓரளவு எழுதப்பட்டுள்ளது. எனினும் அந்த ஆற்றின் உள்ளே, நீரோடு நீராக வாழ்ந்துவரும் உயிர்களின் வரலாறும், அவ்வுயிர்களை அறிய முயன்றோரின் வரலாறும் தமிழில் மிக அரிதாகவே பேசப்பட்டுள்ளன. ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரில் கண்ணாடித் தொட்டிகளின் முன் அமர்ந்து தொடங்கப்பட்ட ஒரு வகை மீனாய்வு, தென் இலங்கையையும் தென் கேரளத்தையும் கடந்து, பொதிகையடிவாரத்து ஆழ்வார்குறிச்சிக்கு வந்து வேரூன்றிய வரலாற்றை இக்கட்டுரையில் காண முயல்வோம்.

முதலில் ஆற்றைப் பற்றிச் சில சொற்கள். பொதிகை மலைத்தொடரில் பிறக்கும் தாமிரபரணி ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. இந்தியப் பேராறுகளோடு ஒப்பிட இது மிகச் சிறிய தொலைவு. ஆனால் அதன் தலைப்பகுதியில் எழும் அகத்தியமலைச் சிகரமோ 1,868 மீட்டர் உயரமுடையது. இவ்வளவு உயரத்திலிருந்து இவ்வளவு குறுகிய தொலைவில் கடலை அடையும் ஆறு, அருவியாகவும் பாறை வழியும் ஓடையாகவும் கசமாகவும் மணல் பரந்த சமவெளி ஆறாகவும் பல உருவெடுத்தே ஆக வேண்டும். காரையாறு, சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, ராமநதி, பச்சையாறு, சிற்றாறு என வந்து சேரும் கிளைகள் ஒவ்வொன்றும் தனித்தனி இயல்புடையவை. மேலும், இவ்வாறு வடக்கே காவிரியோடோ மேற்கே கேரளத்து ஆறுகளோடோ கலப்பதில்லை. நிலத்தில் நடக்கும் விலங்கு மலையைக் கடந்துவிடும்; பறவைக்குத் தடையே இல்லை. நன்னீர் மீனுக்கோ, தன் ஆறே அதன் உலகம். நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்த மீன்கள் தனி இனங்களாகத் திரிந்தமைக்கு இந்தப் பிரிவே காரணம்.

இதன் விளைவை மீன்களின் அறிவியற் பெயர்களிலேயே காணலாம். டாக்கின்சியா தாம்பிரபர்ணியை, மீசோநீமாக்கைலஸ் தாம்பரபர்னியென்சிஸ், நியோலிசோகைலஸ் தாமிரபரணியென்சிஸ் என ஆற்றின் பெயரையே தாங்கி நிற்கும் மீன்கள் உள்ளன. களக்காட்டின் பெயரால் கர்ரா களக்காடென்சிஸ் என்றொரு மீன் 1993இல் விவரிக்கப்பட்டது. இத்துணைச் சிறிய ஆறு அறிவியல் ஏட்டில் இத்தனை முறை இடம்பெறுவது வியப்புக்குரியதே.

பெயரிடும் பணி 19ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய டி.சி. ஜெர்டன் 1849இல் தென்னிந்திய நன்னீர் மீன்களைப் பற்றி எழுதினார். அவருக்குப் பின் வந்த, அவரைப் போலவே மருத்துவரான பிரான்சிஸ் டே 1875 முதல் 1878 வரை வெளியிட்ட ‘இந்தியாவின் மீன்கள்’ எனும் பெருநூல் இன்றும் ஆய்வாளரின் மேசையில் இருப்பது. இந்தியர் இத்துறையில் தலைமை ஏற்றது சுந்தர் லால் ஹோராவின் காலத்தில்தான். இந்திய விலங்கியல் அளவைத் துறையின் இயக்குநராக விளங்கி 1955இல் மறைந்த ஹோரா, மலையோடை மீன்களை வெறும் பெயர்ப்பட்டியலாகக் கருதியவர் அல்லர். பெருவெள்ளம் பாயும் ஓடையில் ஒரு சிறு மீன் அடித்துச் செல்லப்படாமல் பாறையைப் பற்றிக்கொண்டிருப்பது எப்படி என்பதே அவரை வாட்டிய கேள்வி. பற்றும் உறுப்புகளைப் பற்றிய அவருடைய நீண்ட ஆய்வை 1930இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏடு வெளியிட்டது. உடலமைப்பை வாழிடத்தோடு பொருத்திப் பார்க்கும் நோக்கு இந்தியாவில் அவரிடமிருந்தே வலுப்பெற்றது எனலாம்.

ஹோராவின் வழியில் நின்று மலையோடை மீன்களை ஆய்ந்தவர் ஈ.ஜி. சைலஸ். பிற்காலத்தில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக அறியப்பட்ட இவர், இளமையில் மேற்குத் தொடர்ச்சி மலையின் புதிய மீன்களைப் பற்றி எழுதிய கட்டுரை 1954இல் வெளிவந்தது. தாமிரபரணியில் வாழும் அழகிய கெண்டை ஒன்றை, காவிரியில் வாழும் ‘அருலியஸ்’ கெண்டையின் துணையினமாக அதில் அவர் விவரித்து, ஆற்றின் பெயரையே அதற்குச் சூட்டினார். கர்ரா ஜோஷுவாயி என்னும் கல்லொட்டி மீனும் அதே கட்டுரையில்தான் அறிவுலகுக்கு அறிமுகமாயிற்று. துணையினமெனக் குறிக்கப்பட்ட அக்கெண்டை பின்னர்த் தனியினமாகவே ஏற்கப்பட்டது. அதைப் பற்றிப் பின்னும் சொல்ல வேண்டியுள்ளது.

இவ்வளவும் பெரும்பணிகளே. ஆயினும் சாராயப் புட்டியில் இட்ட மீன் தன் செதில் எண்ணிக்கையையும் துடுப்பு முள்களின் எண்ணிக்கையையும் மட்டுமே சொல்லும். அது காலையில் எங்கே மேய்ந்தது, எதைத் தின்றது, அண்டை மீனோடு போரிட்டதா, இணையை எவ்வாறு அழைத்தது என்பவற்றைச் சொல்லாது. இக்கேள்விகளுக்கு உயிருள்ள விலங்கைப் பொறுமையோடு பார்த்திருப்பதன்றி வேறு வழியில்லை.

விலங்கின் நடத்தையைப் பார்த்துப் பதிவுசெய்யும் பழக்கம் நம் நாட்டுக்குப் புதிதன்று. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் தம் அரண்மனையில் வளர்த்த சாரசக் கொக்கு இணைக்கு லைலா, மஜ்னூன் எனப் பெயரிட்டு, அவை கூடியதையும் முட்டையிட்டதையும் மாறிமாறி அடைகாத்ததையும் தம் நினைவேட்டில் எழுதிவைத்தார். முகலாயப் பேரரசர்களின் இந்த இயற்கையார்வத்தைப் பற்றிப் பறவையியலறிஞர் சாலிம் அலி 1920களிலேயே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக ஏட்டில் விரிவாக எழுதியுள்ளார். ஆனால் ஒரு பேரரசரின் ஓய்வுநேர ஆர்வமாக இருந்த இது, மாணவர்க்குக் கற்பிக்கத்தக்க முறையுள்ள துறையாக ஆக 20ஆம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது. அத்துறையின் தொட்டில்களுள் ஒன்று லெய்டன் பல்கலைக்கழகம்.

1930களில் அங்கே நிக்கோ டின்பெர்கன் எனும் இளம் ஆசிரியர் தம் மாணவரோடு முள்முதுகு மீன் என்னும் சிறிய ஐரோப்பிய நன்னீர் மீனைத் தொட்டியில் வளர்த்து ஆராய்ந்தார். இனப்பெருக்கக் காலத்தில் ஆண்மீனின் வயிறு சிவக்கும். சிவந்த வயிறுடைய மற்றோர் ஆணைக் கண்டால் அது பாய்ந்து தாக்கும். மீனைப் போலச் சற்றும் தோன்றாத மரத்துண்டின் அடிப்புறத்துக்குச் சிவப்பு வண்ணம் பூசி நீரில் விட்டாலும் தாக்கியது. உண்மை மீனைப் போலவே செய்த பொம்மைக்குச் சிவப்பில்லையேல் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. சன்னலுக்கு வெளியே சிவப்பு நிற அஞ்சல் வண்டி கடந்து சென்றபோது தொட்டி மீன்கள் அப்பக்கம் பாய்ந்தன என்பதும் அவர் கூறிய செய்தி. 1949இல் அவர் ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சென்றார். ஒரு நடத்தை எதனால் தூண்டப்படுகிறது, தனியுயிரின் வாழ்நாளில் அது எவ்வாறு உருவாகிறது, அதனால் அவ்வுயிர் பெறும் பயன் யாது, முன்னோரிடமிருந்து அது எவ்வழியே திரிந்து வந்தது என்னும் நான்கு கேள்விகளையும் தனித்தனியே கேட்க வேண்டும் என்று 1963இல் அவர் வகுத்த நெறியே இன்றளவும் இத்துறையின் இலக்கணம். 1973இல் கான்ராட் லோரன்ஸ், கார்ல் ஃபான் ஃபிரிஷ் ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

டின்பெர்கன் சென்ற பின்னும் லெய்டனில் மீன்களை வைத்து நடத்தையை ஆராயும் மரபு அற்றுப்போகவில்லை. அம்மரபில் வந்தவரே கூன்ராட் கோர்ட்முல்டர். அவர் தேர்ந்தெடுத்தது ஐரோப்பிய மீனை அன்று. நம் ஓடைகளிலும் குளங்களிலும் திரியும் சிறு கெண்டைகளை. அக்காலத்தில் இவையனைத்தும் ‘பார்பஸ்’ என்னும் ஒரே பேரினத்தில் அடக்கப்பட்டிருந்தன. ஆசியாவைச் சேர்ந்த ஏழு பார்பஸ் இனங்களின் நிறக்கோலங்களையும் நடத்தையையும் ஒப்பிட்டு அவர் எழுதிய பெருங்கட்டுரை 1972இல் ‘பிஹேவியர்’ என்ற ஆய்விதழின் துணைத்தொகுதியாக, தனி நூலாகவே வெளிவந்தது.

நெருங்கிய உறவுடைய பல இனங்கள் உடலமைப்பில் ஏறத்தாழ ஒன்றாயிருக்க, ஒன்றின் உடலில் பட்டையும் மற்றொன்றில் புள்ளியும் வேறொன்றில் கறையும் அமைவது ஏன்? ஆண்கள் ஒன்றையொன்று எதிர்கொள்ளும்போதும் பெண்ணை அழைக்கும்போதும் காட்டும் அசைவுகளுக்கும் இந்நிறக்கோலங்களுக்கும் தொடர்புண்டா? இவற்றைத் தொட்டியில் பார்த்து ஒப்பிட்டவருக்கு ஒரு கட்டத்தில் தொட்டி போதாமற்போனதில் வியப்பில்லை. எந்த நீரில், எந்த வெளிச்சத்தில், எந்த அண்டையினத்தின் நடுவில் இக்கோலம் உருவாயிற்று என்பதை லெய்டனின் கண்ணாடித் தொட்டி சொல்லாது. டின்பெர்கனின் மூன்றாம் கேள்வியாகிய ‘பயன்’ என்பதற்கு விடை ஓடையில்தான் கிடைக்கும். 1982இல் பதினேழு பார்பஸ் இனங்களின் நடத்தையையும் சூழலையும் இணைத்து அவர் எழுதினார். 1984இல், இலங்கையில் இயல்பாக வாழும் எட்டுக் கெண்டையினங்களின் வாழிடம், கூட்டுறவு, போட்டி ஆகியவற்றைப் பற்றி இலங்கை ஆய்வாளரொருவரும் சேர்ந்தெழுதிய கட்டுரை வந்தது. வெப்பமண்டல நன்னீர் மீன் சமுதாயங்களில் சூழலும் நடத்தையும் எவ்வாறு பிணைந்துள்ளன என்று 1987இல் தனியே ஆராய்ந்தார். 1990இல் தென்மேற்கு இலங்கையும் தென் கேரளமும் ஒருங்கே வைத்து நோக்கப்பட்டன. நில அமைப்பே மீன்களின் பரவலையும் ஓரிடத்துக்கே உரிய தன்மையையும் நிர்ணயிக்கிறது என்பது அவ்வாய்வின் மையக் கருத்து. தொட்டியிலிருந்து ஓடைக்கு, ஓர் இனத்திலிருந்து இனங்களின் சமுதாயத்துக்கு, சமுதாயத்திலிருந்து நிலத்தின் வரலாற்றுக்கு என அவர் கேள்வி விரிந்து சென்ற வரிசையை இவ்வாண்டுகளே காட்டுகின்றன.

பிற்காலத்தில் அவர் எழுதிய ‘விளையாட்டும் பரிணாமமும்’ (1998) போன்ற நூல்கள் விலங்கு நடத்தையைப் பற்றிய தத்துவப்போக்குடையவை. வாழ்க்கைப் போராட்டம் என்ற ஒரே சொல்லால் விலங்கின் செயல்கள் அனைத்தையும் விளக்கிவிட முடியாது என்பது அவர் நிலை. இது துறையினர் பலரும் ஒப்பிய கருத்தன்று; நமக்கும் அவருடைய ஓடைப் பணியே பெரிதாகத் தோன்றுகிறது. தத்துவத்தை மறுக்கலாம். எந்த மீன் எவ்வளவு ஆழத்தில், எந்தக் கல்லின் மேல், எந்த மாதத்தில் இருந்தது என்ற குறிப்பை யாரும் மறுக்க முடியாது.

கோர்ட்முல்டரின் பெயரோடு இணைந்து 1988இலும் 1991இலும் இரு கட்டுரைகளில் முதலாசிரியராக வருபவர் எம். அருணாசலம். தென்னிந்திய ஆறொன்றின் கசங்களில் வாழும் மீன்கள் உணவையும் இடத்தையும் தமக்குள் எவ்வாறு பங்கிட்டுக்கொள்கின்றன என்பது முதற்கட்டுரையின் பொருள். அக்கசங்களின் அடித்தளத்தில் வாழும் முதுகெலும்பற்ற சிற்றுயிர்கள் எவ்வகைத் தரையைத் தேர்கின்றன, பருவந்தோறும் அவற்றின் அடர்த்தி எவ்வாறு மாறுகிறது என்பது ‘ஹைட்ரோபயோலஜியா’ இதழில் வந்த இரண்டாவதன் பொருள். மீனை அறிய மீனின் உணவையும், உணவை அறிய ஆற்றின் அடித்தளத்தையும் அறிய வேண்டும் என்ற ஒழுங்கு இதில் உள்ளது. ஹாலந்து நாட்டினரும் நம் நாட்டினரும் சேர்ந்தெழுதிய இவ்விரு கட்டுரைகளில்தான் லெய்டனின் மரபு மேற்குத் தொடர்ச்சி மலையின் நீரில் கால்வைத்தது எனக் கருதுகிறோம்.

1990இல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் ஸ்ரீ பரமகல்யாணி சுற்றுச்சூழல் அறிவியல் மையம் ஆழ்வார்குறிச்சியில் அமைந்தது. பொட்டல்புதூர்ப் பள்ளிவாசலுக்குச் செல்லும் நம்மவருக்கு அருகிலுள்ள இவ்வூர் தெரியாததன்று. 2019 வரை நெல்லை மாவட்டத்திலிருந்து, இப்போது தென்காசி மாவட்டத்தில் உள்ளது. மேற்கே நோக்கினால் மலை, கடனாநதி பக்கத்தில், முண்டந்துறைக் காடும் தொலைவில் இல்லை. ஓடைமீன் ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் தமிழகத்தில் வேறு இருப்பதாக நாம் அறியோம். அருணாசலத்தின் பிற்காலப் பணி இங்கிருந்தே நடைபெற்றது. மேற்குத் தொடர்ச்சி மலையோடைகளின் மீன்கூட்ட அமைப்பைப் பற்றி 2000ஆம் ஆண்டில் ‘ஹைட்ரோபயோலஜியா’ 31 பக்கங்களில் வெளியிட்ட அவருடைய கட்டுரை, இந்திய ஓடைச் சூழலியலில் அடிக்கடி மேற்கோளாகக் காட்டப்படுவது.

இத்தகைய ஆய்வு எவ்வாறு நடக்கிறது என்பதை வாசகர் அறிவது நன்று. ஓடையில் ஒரு பகுதியைத் தேர்ந்து, அதனைக் கல்லில் சலசலத்து ஓடும் ஆழமற்ற இடம், சீராக ஓடும் இடம், தேங்கி நிற்கும் கசம், பாறையிலிருந்து படிப்படியாக விழும் இடம் எனப் பிரிப்பர். ஒவ்வொன்றிலும் ஆழமும் அகலமும் நீரோட்ட வேகமும் அளக்கப்படும். அடித்தளம் பாறையா, உருண்டைக் கல்லா, சரளையா, மணலா, உதிர்ந்த இலைக்குவியலா என்பதும், கரைமரங்களின் நிழல் எவ்வளவு நீரை மூடுகிறது என்பதும் குறிக்கப்படும். பின்னர் வலைகளால் மீன்களைப் பிடித்து, இனம்பிரித்து எண்ணி, பெரும்பாலானவற்றை மீண்டும் நீரிலேயே விடுவர். இதையே கோடையிலும், தென்மேற்குப் பருவத்திலும், ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின்னும் செய்ய வேண்டும். இடுப்பளவு நீரில் நாளெல்லாம் நின்று செய்யும் வேலை இது.

இவ்வாறு பார்க்கும்போது ஓடை ஓர் ஊரைப் போலத் தோற்றமளிக்கிறது. கல்லொட்டி மீனின் வாய் அடிப்புறத்தில் அமைந்தது. மோவாயிலுள்ள ஒட்டுத்தட்டால் பாறையைப் பற்றி, வேகமான நீரில் படரும் பாசியைச் சுரண்டித் தின்கிறது. வேறு மீன் அங்கே நிற்கவும் இயலாது. அயிரையின் உறவினங்கள் சரளைக்கும் மணலுக்கும் இடையே நுழைந்து பூச்சிகளின் புழுக்களைத் தேடுகின்றன. மேல்நோக்கிய வாயுடைய சிறுமீன்கள் மரங்களிலிருந்து விழும் எறும்பையும் ஈயையும் நீர்ப்பரப்பிலேயே கவ்விவிடுகின்றன. கெண்டைகள் நடுநீரில் கூட்டமாகத் திரிந்து கிடைத்ததை உண்கின்றன. பெருங்கசங்களில் மகசீர் உலவுகிறது. ஒரே ஓடையில் பல இனங்கள் வாழ இயல்வது இந்தப் பங்கீட்டினால்தான். கசம் மணலால் தூர்ந்தாலோ, சரளை அள்ளப்பட்டாலோ, கரைமரம் வெட்டப்பட்டாலோ, ஊரில் ஒரு தெருவே இல்லாமற்போகிறது. அத்தெருவார் பக்கத்துத் தெருவில் குடியேறவும் முடியாது. அங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள்.

அருணாசலத்துடன் இணைந்து ஆய்ந்த ஜே.ஏ. ஜான்சன், தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலையோடைகளின் மீன்வளத்தையும் பரவலையும் பற்றி 2009இலும், ஓடைமீன்களின் உணவுப் பங்கீட்டைப் பற்றி 2012இலும் அவருடன் சேர்ந்து எழுதினார். பின்னர் டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் ஆய்வாளரானார். அந்நிறுவனத்தில் அவருக்கு முன்பே நெல்லை மண்ணின் மற்றொருவர் பெரும்பெயர் பெற்றிருந்தார் என்பதையும் இடையே குறிக்க வேண்டும். 1945இல் நாங்குநேரியில் பிறந்து 2024இல் மறைந்த ஏ.ஜே.டி. ஜான்சிங், சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக இருந்தபோதே பந்திப்பூர்க் காட்டில் 1976 முதல் 1978 வரை செந்நாய்களைப் பின்தொடர்ந்து அவற்றின் வேட்டையையும் சமூக வாழ்வையும் ஆராய்ந்தவர். காட்டில் தன்னிச்சையாகத் திரியும் பேருயிர்களை அறிவியல் முறைப்படி ஆய்ந்த முதல் இந்தியருள் ஒருவராக அவரைப் போற்றுவர். மகசீர் மீன்களின் பாதுகாப்பிலும் அவருக்கு ஆழ்ந்த அக்கறை இருந்தது. 1988இல் புலிகள் காப்பகமான களக்காடு–முண்டந்துறையைப் பற்றி 2001இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் அவர் எழுதிய கட்டுரை, அக்காட்டை உலகப் பொதுச் சொத்தாகவே காட்டுகிறது. செந்நாயைக் காட்டில் பின்தொடர்வதும் கல்லொட்டியை ஓடையில் எண்ணுவதும் ஒரே நோக்கின் இரு வடிவங்களே.

ஆழ்வார்குறிச்சிக் குழுவினர் புதிய இனங்களையும் விவரித்தனர். தாமிரபரணியின் பெயர்தாங்கிய நியோலிசோகைலஸ் மீனை 2017இல் விவரித்தோருள் அருணாசலமும் ஒருவர். அமெரிக்க மீனியலறிஞர் ரிச்சர்ட் மேடனும் உடனிருந்தார். மீன்களுக்குப் பெயரிடுவதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு எழுவது இயல்பு. ஒருவர் தனியினமென்பதை மற்றொருவர் பழைய இனத்தின் வடிவமென்பார். இவ்வழக்குகள் தீர நெடுங்காலமாகும். ஆனால் 1954இல் சைலஸ் பெயரிட்ட கெண்டையின் பெயர்மாற்றமோ தனிச்சுவையுடையது. 2012இல் இலங்கை அறிஞர் ரோஹன் பெத்தியகொடவும் உடனாய்வாளர் இருவரும் தெற்காசியக் கெண்டைகளை மறுபகுப்புச் செய்தபோது, ஆண்மீனின் முதுகுத்துடுப்பு இழைஇழையாக நீளும் கெண்டைகளைத் தனிப் பேரினமாக்கி, அதற்கு ரிச்சர்ட் டாக்கின்ஸின் பெயரைச் சூட்டினர். டாக்கின்ஸை மதங்களை எதிர்த்து எழுதுபவராகவே நம் வாசகர் பலரும் அறிவர். அவ்வழக்குக்குள் இங்கே நாம் புகவில்லை. அவர் ஆக்ஸ்ஃபோர்டில் டின்பெர்கனின் மாணவராக விலங்கு நடத்தையியல் பயின்றவர் என்பதே ஈண்டு கருதத்தக்கது. பெயரிட்டோர் இதை எண்ணியிருக்கவில்லை எனினும், பொதிகைநீரில் வாழும் மீனொன்றின் பெயரில் ஆறும் நடத்தையியல் மரபும் அருகருகே அமைந்துவிட்டன.

ஆனால் அம்மீனின் நிலை மகிழ்ச்சிக்குரியதாக இல்லை. டாக்கின்சியா தாம்பிரபர்ணியை அழிவை எதிர்நோக்கும் இனங்களின் உலகப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையின் நன்னீருயிர்களைப் பற்றி 2011இல் வெளிவந்த பன்னாட்டு மதிப்பீடு, அங்குள்ள நன்னீர் மீனினங்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆபத்தில் இருப்பதாகக் கண்டது. காடு காப்பகமாக இருக்கும் வரை ஓடைமீன்களுக்கு ஓரளவு காவலுண்டு. பாபநாசத்திற்குக் கீழேதான் இடர் தொடங்குகிறது. அணைகளால் நீர் வருங்காலமும் அளவும் மாறுகின்றன; கோடையில் அணைக்கட்டுகளைத் தாண்டி மீன் மேலேற முடிவதில்லை. நகரங்களின் கழிவுநீர் கலக்கிறது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை எங்கும் பெருகி, நம் மீன்களின் உணவையும் முட்டையிடும் இடத்தையும் பறிக்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க அரசு 2000ஆம் ஆண்டில் தடைவிதித்தும் வளர்ப்பு நின்றபாடில்லை.

மணற்கொள்ளை தனியே பேசத்தக்கது. மூத்த பொதுவுடைமைத் தலைவர் இரா. நல்லகண்ணு 2010இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தாமே வாதாடித் தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்குத் தடை பெற்றது நாடறிந்த செய்தி. அவ்வழக்கு பெரும்பாலும் நிலத்தடிநீர், பாசனம் ஆகியவற்றின் பெயராலேயே பேசப்பட்டது. மணலும் சரளையும் உயிர்கள் குடியிருக்கும் தரை. அங்கேதான் புழுக்கள் வளர்கின்றன, மீன்கள் முட்டையிடுகின்றன என்பதற்கான சான்று 1991ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து தொடங்கி ஆய்வேடுகளில் இருந்தும், பொதுமன்றத்தில் அது போதிய அளவு ஒலிக்கவில்லை. அவை ஆங்கிலத்தில், நூலகங்களில் அடங்கிக் கிடந்தமை இதற்கொரு காரணம் என்பது நம் கருத்து. லெய்டனின் தொட்டியிலிருந்து ஆழ்வார்குறிச்சியின் ஓடைவரை வந்த அறிவு, ஆழ்வார்குறிச்சியிலிருந்து மேலப்பாளையத்துக்கும் காயல்பட்டினத்துக்கும் வந்துசேரவில்லை. குறுகிய அத்தொலைவே கடக்க அரிதாயிற்று.

2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டு ஊர்களுக்குள் புகுந்தது. உயிரும் உடைமையும் இழந்தோரின் துயரின் முன் மீன்களைப் பற்றிப் பேசத் தயக்கமாக இருக்கிறது. எனினும் பெருவெள்ளம் ஆற்றின் அடித்தளத்தையே புரட்டிப்போடும். பழைய கசங்கள் தூரும், புதியவை பிறக்கும். குளங்களிலும் பண்ணைகளிலும் இருந்த அயல்மீன்கள் ஆற்றில் வந்து சேரும். எது மாறியது, எது மீண்டது என்று சொல்ல முன்னிருந்த நிலையின் அளவீடு வேண்டும். இன்ன ஓடையில், இன்ன ஆழத்தில், இன்ன தரையில், இத்தனை மீன்கள் என்று எழுதிவைக்கப்பட்ட பழைய அட்டவணைகள்தாம் அவ்வளவீடு. அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, அதே ஓடைகளில் அதே பருவங்களில் இறங்கி எண்ணுவோர் வேண்டும்.

இன்னொரு பணியும் எஞ்சியுள்ளது. ஓடையில் மீன்களின் இடமும் உணவும் பெருமளவு ஆராயப்பட்டுவிட்டன. கோர்ட்முல்டர் தொட்டியின் முன் அமர்ந்து கேட்ட முதற்கேள்வியான நிறக்கோலமும் நடத்தையும் நம் ஆறுகளில் அந்த அளவுக்குத் தொடரப்படவில்லை. இழைநீண்ட முதுகுத்துடுப்பை விரித்து ஆண்கெண்டை தன் எதிரியின் பக்கவாட்டில் நிற்கும் காட்சியை ஐரோப்பாவின் அலங்கார மீன் வளர்ப்போர் தம் வரவேற்பறைத் தொட்டிகளில் காண்கின்றனர். அம்மீனை அவர்கள் தாமிரபரணி என்ற பெயராலேயே அழைக்கின்றனர்.